லாந்தர் தெரு மேனேஜர் குடித்த உப்புத் தண்ணீர்

எரியோடு ஊரைத் தாண்டி இரண்டு மைல் நடந்த பிறகுதான் நின்று காலில் அப்பியிருந்த செம்மண்ணைச் சுரண்டினேன். தோளில் ஒரு சாக்குப் பை. அதற்குள் ஒரு கைலி, ஒரு சட்டை, ஓர் ஈயத் தட்டு.

முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. செங்கல் காளவாசலில் நாங்கள் அறுத்துக் காயப் போட்டிருந்த பச்சைக் கல் அத்தனையும் விடிவதற்குள் கரைந்து மறுபடியும் களிமண்ணாகிவிட்டது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இனி வேலை ஆடி கழிஞ்சுதான்ப்பா" என்றார். அவர் மேல் தப்பில்லை. மழை மேலும் தப்பில்லை. எல்லோரும் தட்டுமுட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

என் கால் திண்டுக்கல் ரோட்டில் திரும்பியது. அந்த ஊருக்குள் நான் கால் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வைக்காததற்குக் காரணம் இருந்தது. ஆனால் பசிக்கிற நேரத்தில் காரணத்தை எல்லாம் யார் பார்க்கிறார்கள்? எனக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கக்கூடிய மனிதர்கள் இந்த உலகத்தில் ஒரே ஒரு தெருவில்தான் இருந்தார்கள்.

ஏழெட்டு மைல் போனதும் பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. கையைக் காட்டினேன்.

தக்காளிக் கூடை நடுவே

ஓட்டி வந்தவர் தலையில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தார். அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

"எங்கிட்டுப் போற அப்பு?"

"திண்டுக்கல்லுக்கு."

"ஏறிக்க. கூடை மேல உக்காராத, தக்காளி."

மட்கார்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் கேட்டார்: "பந்து பாப்பியா?"

"பாப்பேன்."

"எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் நீ எங்கே குடியிருக்கிறாய் என்பதல்ல. நீ பச்சைச் சட்டை போட்ட கிணத்தடித் தெரு கால்பந்து அணியின் ஆளா, மஞ்சள் சட்டை போட்ட லாந்தர் தெரு அணியின் ஆளா என்பதுதான். மூன்றாவது பதில் கிடையாது. எனக்கு உயிர் மேல் ஆசை இருந்ததால் மூன்றாவது பதிலைச் சொன்னேன்.

"சும்மா, நின்னு பாப்பேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்பதுபோல. பிறகு பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னார்:

"கிணத்தடித் தெருப் பயலுகளுக்கு வந்த வாழ்வக் கேட்டியா? எங்க மேனேஜர் சவரிமுத்து அண்ணன் அங்க போறாராம். இன்னிக்குச் சாயங்காலம் அவங்க கிணத்துத் தண்ணி குடிச்சுச் சேர்றாராம்."

மட்கார்டிலிருந்து நான் விழாமல் இருந்தது பெரிய காரியம்.

"ஏன் போறாரு?"

"எங்காளுகதான் அனுப்பிட்டாங்க. விசில் போயிருச்சுல்ல. விசில் இல்லாத மேனேஜர வச்சுக்கிட்டு என்ன செய்ய? ரெண்டு வருசமா கோப்பையும் வெளியூருக்குப் போயிருது. வயசுப் பையன் ஒருத்தன மேனேஜரா போட்டுட்டாங்க." குரலை இறக்கினார். "எனக்கு மனசே இல்ல. எல்லாம் அந்த இளநிக் கூட்ட எறிஞ்ச பயலாலதேன். அண்ணன் முன்பல்லப் பேத்துட்டு ஓடிட்டான். அவன மட்டும் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம். ஆளு ஆறடி இருப்பானாம். மொரட்டுப் பயலாம்."

நான் அஞ்சடிக்குச் சற்று மேலே. காலை இன்னும் கொஞ்சம் மடக்கி உட்கார்ந்தேன்.

ஒரு பல்லின் கதை

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த இளநீர்க் கூட்டை எறிந்தவன் நான்தான்.

சவரிமுத்து என்பவர் யார் என்று திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பகலில் அவருக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. சாயங்காலம் லாந்தர் தெரு அணிக்கு மேனேஜர். மேனேஜர் என்றால் எங்கள் ஊரில் எல்லாம் அவர்தான். ஆள் சேர்ப்பது, பழக்குவது, யார் எங்கே நின்று ஆடுவது என்று சொல்வது, அடிபட்டவனுக்கு எண்ணெய் தேய்ப்பது வரைக்கும்.

அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். நீட்டமாக ஒன்று அடித்தால் மஞ்சள் சட்டை பதினொன்றும் பின்னால் போய்க் கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும். கட்டையாக இரண்டு அடித்தால் அத்தனை பேரும் முன்னால் பாய்வார்கள். மைதானத்தில் ஆயிரம் பேர் கத்தினாலும் அந்த விசில் தனியாகக் கேட்கும். எங்கள் கிணத்தடித் தெரு ஆட்கள் நன்றாகவே ஆடுவார்கள். ஆனால் எங்களிடம் கால் இருந்தது, அவர்களிடம் காலும் விசிலும் இருந்தன. வருடா வருடம் தோற்றோம்.

அந்தச் சாயங்காலமும் ஒரு கோல் பின்னால் இருந்தோம். செத்த நேரம்தான் பாக்கி. எங்கள் முன்வரிசைப் பையன் பந்தோடு தனியாகப் போய்விட்டான். தெருவே எழுந்து நின்றுவிட்டது. அப்போது கேட்டது அந்த நீட்ட விசில். கண் மூடித் திறப்பதற்குள் அவன் முன்னால் நான்கு மஞ்சள் சட்டைகள்.

நான் அப்போதுதான் இளநீர் குடித்து முடித்திருந்தேன். கூடு கையில் இருந்தது.

அவர் மேல் எறிய வேண்டும் என்று நினைத்து எறியவில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று எறிந்தேன். அது எப்படிப் போய் அவர் வாயில் பட்டது என்பது இன்றுவரை எனக்குப் புரியாத கணக்கு. விசில் பாதியில் நின்றது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம்.

"போட்டான்டா" என்று பின்னால் எங்கள் தெரு ஆள் ஜெபமாலை கத்தியது கேட்டது. கூட்டம் எனக்கு வழிவிட்டு, நான் போனதும் மூடிக்கொண்டது. வெங்காய லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

ஒட்டன்சத்திரத்தில் பந்து கிடையாது

லாரி என்னை ஒட்டன்சத்திரம் சந்தையில் இறக்கியது. அங்கே எட்டு மாதம் மூட்டை தூக்கினேன். நல்ல மனிதர்கள். மூட்டை தூக்குகிறவனைக்கூட "வாங்க, போங்க" என்பார்கள். ஆனால் பந்து பற்றி ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. ஒரு நாள் தாங்க முடியாமல் தரகர் ஒருவரிடம் எங்கள் அணியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, அந்தப் பந்து கடைசியில யாருக்குங்க?" என்றார்.

போன மாதம் இந்தப் பத்திரிகைக்கு எழுதிய ஒரு வாசகர், ஆறாம் வகுப்போடு நின்றவர் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடம் எனக்கு எழுத்தைக் காட்டியது, அவ்வளவுதான். படிக்கப் பழக்கியது பந்தாட்ட நோட்டீஸ். ரோஸ் காகிதத்தில் அச்சடித்து டீக்கடைத் தட்டியில் ஒட்டுவார்கள். யாரோடு யார், எத்தனை மணிக்கு, நடுவர் யார். அதை யாரிடமும் கேட்காமல் நானே படித்துவிட வேண்டும் என்ற வெறியில் எழுத்துக் கூட்டினேன். ஒட்டன்சத்திரத்தில் நோட்டீஸ் இல்லாததால் படிப்பும் நின்றுபோயிற்று.

அங்கிருந்து பழனிப் பக்கம் கரும்பு வெட்டு, பிறகு ஒரு கோழிப் பண்ணை, பிறகு எரியோடு. இரண்டு வருடம் போனது தெரியவில்லை. அந்த மனிதருக்கு என்ன பல் போயிற்று, மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

காதர் பாய் தையல் கடை

டிராக்டர்காரர் காய்கறிச் சந்தையில் இறக்கிவிட்டபோது வெயில் சுள்ளென்று இருந்தது. எரியோட்டில் பெய்த மழை இங்கே ஒரு சொட்டு விழவில்லை. ஊர் முழுக்கப் புழுதி.

கிணத்தடித் தெரு முனையில் காதர் பாய் தையல் கடை. அவர்தான் எங்கள் அணியின் செயலாளர். பச்சைச் சட்டையைத் தைப்பவரும் அவரே, நம்பர் ஒட்டுபவரும் அவரே. கடைக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்று ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜெபமாலை. வெங்காயப் பேட்டையில் லோடுமேன். மேட்சுக்கு வந்தால் தப்பு மேளம் அடிப்பவன். ஆள் ஒரு கதவு அகலம்.

"அந்தாளு நம்ம டீமுக்கா? எங்கப்பன் செத்ததுக்கே நான் அழுகல பாய். அந்தாளு விசிலடிச்சுத் தோத்தமே, அன்னிக்கு அழுதேன்."

"அப்ப வேற ஆளக் கூட்டிட்டு வா" என்றார் காதர் பாய், தையலை நிறுத்தாமல். "இருந்த மேனேஜரு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு. அடுத்த மாசம் கோப்பை ஆட்டம். மேனேஜர் இல்லைன்னா நாங்க லாந்தர் தெருவுக்கே போயிடுறோம்னு மூணு பயலுக மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க. அந்த மூணு பேரும் போனா மிச்சம் யாரு? நீயும் ஒன் தப்பும்தான்."

"வேவு பாக்க வந்திருப்பாரு."

"என்னத்த வேவு பாக்க? நாம தோக்குறது ஊருக்கே தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபமாலையும் சிரித்தான். அப்போது திரும்பியவன் வாசலில் என்னைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏலே. மாரி."

பத்துப் பேரும் திரும்பினார்கள். இரண்டு வருடம் கழித்து வருகிறவனுக்குக் கிடைக்க வேண்டிய வரவேற்பு இல்லை அது. காதர் பாய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, சட்டைக் காலரைப் பிடித்து, உடுப்பு மாற்றும் திரைக்குப் பின்னால் என்னைத் தள்ளினார்.

"எத்தனையோ நாள் இருக்கு. இன்னிக்கா வரணும்? அஞ்சு மணிக்கு அவரு வாராரு. எறிஞ்சவன் நீதான்னு யாராச்சும் காட்டிட்டான்னா, இந்தத் தெருதான் ஆள வச்சு எறிஞ்சதுன்னு நெனைப்பாரு. அப்படியே திரும்பிப் போயிடுவாரு. அவரு போனா டீம் போச்சு. புரியுதா?"

"புரியுது பாய்."

"சாப்டியா?"

"இல்ல பாய்."

திரைக்குக் கீழே ஒரு பொட்டலம் வந்தது. தயிர்ச் சோறு. நின்றுகொண்டே சாப்பிட்டேன். அந்தப் பக்கம் பேச்சு மறுபடி தொடங்கியது. நான் கையை நக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வஞ்சம் யாருக்கு அதிகம்?

கிணத்தடித் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேறு அணியிலிருந்து யார் எங்களோடு சேர வந்தாலும் தெருக் கிணற்றில் இறைத்த தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடிக்க வேண்டும். அந்தக் கிணறு உப்புக் கிணறு. மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அதை முகம் சுளிக்காமல் குடித்தால் அவன் எங்கள் ஆள். சுளித்தால் இன்னொரு கை குடிக்க வேண்டும்.

இதில் முக்கியம் குடிப்பது அல்ல, ஊற்றுவது. வருகிறவன் மேல் தெருவில் யாருக்கு அதிக வஞ்சமோ அவன்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் அதோடு சரி. பிறகு பழசை யாரும் எடுக்கக் கூடாது. சாதாரண ஆட்டக்காரன் வந்தால் இதில் சிக்கல் இருக்காது. அவன் எவன் முட்டியில் உதைத்தானோ அவன் ஊற்றிவிடுவான்.

சவரிமுத்து விஷயத்தில் தெரு முழுவதும் போட்டிக்கு நின்றது.

"நாந்தேன் ஊத்துவேன். அந்தாளால பந்தயத்துல மீசைய எடுத்தேன்" என்றார் ஒருவர்.

"மீசை வளந்துருச்சுல்ல, பிறகென்ன? எங்கூட்ல டீவி இல்லாம போனது அந்தாளாலதேன். கோப்பை ஜெயிச்சா வாங்கித் தாரேன்னு வீட்ல சொல்லிப்புட்டு இன்னும் ஜெயிக்கல."

ஜெபமாலை தப்பை அடிப்பதுபோல் தொடையில் அடித்தான். "எல்லாம் நில்லுங்கப்பா. அந்தாளு பேர்ல ஆடு வளக்குறேன் நான். ஈஸ்டருக்கு வெட்டணும்னே சவரிமுத்துன்னு பேரு வச்சேன். வஞ்சம் எனக்கா, ஒங்களுக்கா?"

"மூணு ஈஸ்டர் போச்சு. ஆடு இன்னும் மேயுதே."

"பேரு வச்சதும் வெட்ட மனசு வரல. அதுக்கு நான் என்ன செய்ய?"

அஞ்சு மணி ஆகியும் இது தீரவில்லை. அப்போது தெரு அமைதியாயிற்று. அவர் வந்துவிட்டார் என்று திரைக்குப் பின்னாலேயே தெரிந்தது.

கிணற்றடியில்

நான் திரையின் ஓரத்தை விலக்கினேன். கடையிலிருந்து கிணறு இருபது அடி.

அரைக்கை வெள்ளைச் சட்டை. கக்கத்தில் குடை. தனியாக வந்திருந்தார். எதிரணித் தெருவுக்குள் ஒரு மனிதன் அப்படித் தனியாக நடந்து வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாடியில், திண்டில், வாசலில் என்று எங்கும் ஆட்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை. யாரும் ஏசவும் இல்லை.

எங்கிருந்தோ ஒரு பொம்பளை சத்தம் போட்டாள்: "ஏ சவரிமுத்து, தள்ளிப் போ சனியனே."

அவர் நின்றார். "என்னையா சொல்றாக?"

ஜெபமாலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "இல்லண்ணே. ஆட்ட."

கிணற்று மேட்டில் நின்று காய்ந்த வாழை இலையைத் தின்றுகொண்டிருந்த கிடாயை அவர் மேலும் கீழும் பார்த்தார். "நல்லாத்தான் வளத்திருக்க" என்றார். சொல்லும்போது வாய் திறந்தது. மேல் வரிசையில் நடுவில் ஒரு கறுப்பு ஓட்டை. மேல் பல்.

காதர் பாய் முன்னால் போய் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. "யாரு ஊத்துறா?" என்று கேட்டார். வழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது. உடனே மூன்று பேர் வாளிக்குக் கை நீட்டினார்கள். மறுபடியும் மீசை, டீவி, ஆடு.

அவர் கையைத் தூக்கினார். அந்தக் கை தூக்கினால் மைதானத்தில் பதினொரு பேர் நிற்பார்கள். இங்கே தெருவே நின்றது.

"சண்டை வேணாம். வஞ்சம் யாருக்கு ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும். என் வாயில எறிஞ்சான் பாருங்க, அவன் இந்தத் தெரு ஆளுதானே? அவன் ஊத்தட்டும். இல்லாட்டி நான் இப்படியே வீட்டுக்குப் போறேன். எனக்கு ஒண்ணும் கொறையல. ஐஸ் கம்பெனி இருக்கு."



என் வாழ்க்கையில் எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தெரு செய்ததை எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு வருடமாக என் கதையைச் சொல்லிச் சொல்லி என்னை ஆறடி ஆக்கியவர்கள் அவர்கள்தான். இப்போது ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜெபமாலை கரண்டுக் கம்பத்தைப் பார்த்தான். மீசைக்காரர் மீசையைத் தடவினார். காதர் பாய் இஞ்ச் டேப்பை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார். கடைப் பக்கம் மறந்தும் ஒரு கண் திரும்பவில்லை. அவர்களுக்கு அணி வேண்டும். ஆனால் அதற்காக என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

"சரி, வாரேன்" என்று அவர் குடையை எடுத்தார்.

எனக்கு எந்த ஊரிலும் கிளம்பிப் போகத்தான் தெரியும். கடைக்குப் பின்வாசல் இருந்தது. பின்வாசலுக்கு அப்பால் வண்டிப்பாதை, அதற்கு அப்பால் பஸ் ஸ்டாண்டு. சாக்குப் பை தோளிலேயே இருந்தது.

பையைக் கீழே வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வந்தேன்.

"நாந்தேன்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"நீயா? இம்புட்டுத்தான் இருக்க?"

"ஆமாண்ணே."

"ரெண்டு வருசமா நான் ஒரு ஆறடி ஆள மனசுக்குள்ள அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். நான் வாளியை இறக்கினேன். கயிறு கையில் நழுவியது, இரண்டு தரம் உருளை கிறீச்சிட்டது. தண்ணீரோடு வாளி மேலே வந்தது. அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி மரத்துப்போன கை. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. ஊற்றினேன். பாதி அவர் கையிலும் பாதி காலிலும் விழுந்தது.

குடித்தார். முகம் காய்ந்த நார்த்தங்காய் மாதிரி சுருங்கியது.

"கேவலமா இருக்குய்யா. இதையா குடிக்கிறீங்க?"

"நாங்க எங்கண்ணே குடிக்கிறோம்?" என்றான் ஜெபமாலை. "இது வர்றவகளுக்கு மட்டும்."

தெரு அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் வெளியே வந்தது. அவரும் சிரித்தார். ஓட்டை நன்றாகத் தெரிந்தது. "மொகம் சுளிச்சிட்டேன்ல. இன்னொரு கை ஊத்து" என்றார். ஊற்றினேன். இந்தத் தடவை ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவர் சுளிக்காமல் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார்.

"எதுக்கு எறிஞ்ச?"

"நீங்க விசில் அடிச்சீங்க."

"விசில் அடிச்சா எறிவியா?"

"நல்லா அடிச்சீங்கண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "அது உண்மைதேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தடுத்துவிட்டார். "அதக் கேக்காத. நீ கேட்டா நான் விட்டுட்டேன்னு சொல்லணும். இன்னும் விடல. விட்டதும் நானே சொல்றேன்." பிறகு காதர் பாய் பக்கம் திரும்பி, அதே குரலில் ஆட்டக்காரர்கள் எத்தனை பேர், எத்தனை பந்து இருக்கிறது, ஒரு பந்தின் தையல் பிரிந்திருப்பது ஏன் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். வேலையைத் தொடங்கிவிட்டார் என்பது எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜெபமாலை ஓடிப்போய்த் தப்பை எடுத்து வந்தான். "அத வையி. ஜெயிச்சப்புறம் அடி" என்று முதல் உத்தரவு போட்டார். ஜெபமாலை வைத்துவிட்டான். அவன் ஒரு மனிதன் சொல்லித் தப்பைக் கீழே வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு என்ன வேலை ஒனக்கு?"

"ஒண்ணும் இல்லண்ணே."

"வர்ற வழியில ஒங்க மைதானத்தப் பாத்தேன். கணுக்கால் ஆழம் புழுதி. ஒருத்தன் ஓடினா பின்னாடி வர்றவனுக்குக் கண்ணு தெரியாது. காலைல அஞ்சரைக்குப் பயலுக வருவாங்க. அதுக்குள்ள தண்ணி தெளிச்சிருக்கணும். இந்தத் தண்ணிக்கு அதத் தவிர வேற உபயோகமும் இல்ல. தெனமும். முடியுமா?"

"முடியும்."

"சோறு?"

ஜெபமாலை சொன்னான்: "எங்கூட்ல தின்னுக்கிறட்டும். தொட்டுக்க வெஞ்சனம் இருந்தா இருக்கும், கேக்கப்படாது."

காலையில்

அந்த வருடம் நாங்கள் ஜெயித்தோமா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். திண்டுக்கல்லில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இரண்டு தெருவும் இரண்டு விதமாகச் சொல்லும். எனக்கு அன்றைக்கு அடுத்த மாதம் வரைக்கும் யோசனை ஓடவில்லை. அடுத்த நாள் காலைக்கு ஒரு வேலை இருக்கிறது என்ற நினைப்போடு தையல் கடை வாசலில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

கோழி கூப்பிடும்போது எழுந்தேன். காதர் பாய் எங்கிருந்தோ ஒரு தள்ளுவண்டியும் தார் டிரம் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். டிரம்மை நிரப்ப முப்பது வாளி இறைக்க வேண்டியிருந்தது. மைதானம் தெருவுக்குப் பின்னால்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், வடக்குக் கோல் கம்பத்திலிருந்து தொடங்கி, தகர டப்பாவால் மொண்டு வீசி வீசித் தெளித்தேன். முதல் வீச்சில் புழுதி பொறி பொறியாகத் தெறித்தது. அப்புறம் அடங்கியது. மண் வாசம் கிளம்பியது. கிழக்கே வெளுத்து மலை தெரிய ஆரம்பித்தபோது பாதி மைதானம் கறுத்திருந்தது, பாதி வெளுத்திருந்தது.

மூன்றாவது டிரம் முடியும்போது பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். லாந்தர் தெருவுக்குப் போகிறோம் என்று மிரட்டிய மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஒருவன் வெறுங்காலால் ஈர மண்ணில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சும்மாவே கொஞ்ச தூரம் ஓடித் திரும்பி வந்தார்கள்.

அவருக்கு முன்னால் அவர் குடை வந்தது. யாரையும் பார்க்காமல் கோட்டோரமாக நடந்து, நடு வட்டத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலால் மண்ணை அழுத்திப் பார்த்தார்.

"மாரி" என்று கூப்பிட்டார். என் பெயரை அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். "இங்க பத்தல. இன்னும் நாலு வாளி."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தேன்.